நிழலிலிருந்து உரு

நுழையும்முன்

உடலைக் கீறாமலே உள்ளுறுப்புகளை அடுக்கடுக்காகக் காட்டும் சி.டி. ஸ்கேன் இன்று மாவட்ட மருத்துவமனைகளிலும் உள்ளது. கதிர்கள் பதித்த நிழல்களைத் தெளிவான படமாக்குவது ஒரு கணக்கு. அக்கணக்கை எளிமையாக்கியவர்களுள் முதன்மையானவர், திருச்சிராப்பள்ளியில் பயின்று சென்னையில் ஆய்வு வளர்த்த அறிவியலாளர் ஒருவர். அவருடைய வாழ்க்கையையும் ஆய்வையும் இப்பாடம் கூறுகிறது.

புதுக்கோட்டையில் 1886ஆம் ஆண்டு பிறந்து, அந்நகரின் மன்னர் கல்லூரியில் பயின்று, சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றவர் முத்துலெட்சுமி. அவர் தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தார். அந்நோய் தொடக்கத்தில் வயிற்றுக்கடுப்பு என்றே கருதப்பட்டது. உண்மை தெரியவந்தபோது காலம் கடந்திருந்தது. மருத்துவர் இருந்த வீட்டிலேயே இது நேர்ந்தது. உடலுக்குள் வளரும் கட்டியைக் காண அன்று வழியில்லை என்பதே காரணம். எக்ஸ் கதிர் 1895ஆம் ஆண்டிலேயே கண்டறியப்பட்டிருந்தாலும், அது எலும்பைக் காட்டிய தெளிவுடன் மென்திசுக்களைக் காட்டவில்லை. முன்னும் பின்னும் அமைந்த உறுப்புகளின் நிழல்கள் ஒரே தகட்டில் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து கலந்துவிடும்.

தங்கையின் மறைவு தந்த துயரம் முத்துலெட்சுமியின் உள்ளத்தில் உறுதியாக மாறியது. அவ்வுறுதியின் பயனாக 1954ஆம் ஆண்டு ஜூன் திங்களில் சென்னை அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை திறக்கப்பட்டது. அதற்கு அருகிலேயே, கிண்டியில், சென்னைப் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் துறை இயங்கிவந்தது. மருத்துவமனை திறக்கப்பட்ட இரண்டே திங்களில் அத்துறையிலிருந்து சென்ற ஆய்வுக்கட்டுரை ஒன்று, புகழ்பெற்ற ‘நேச்சர்’ இதழில் வெளிவந்தது. அதை எழுதிய இருவருள் ஒருவர் ஜி. என். இராமச்சந்திரன். அப்போது அவருடைய கவனம் மருத்துவத்தின்மீது இல்லை. புரதத்தின் வடிவத்தின்மீது இருந்தது. பதினேழு ஆண்டுகளுக்குப் பின் அவர் எழுதிய வேறொரு கட்டுரையே, முத்துலெட்சுமியின் காலத்து மருத்துவர்களுக்குக் கிட்டாத பார்வையை மருத்துவ உலகிற்கு வழங்குவதில் பங்கேற்றது.

கணக்கில் வளர்ந்த சிறுவன்

கோபாலசமுத்திரம் நாராயண இராமச்சந்திரன் 1922ஆம் ஆண்டு அக்டோபர் 8ஆம் நாள் எர்ணாகுளத்தில் பிறந்தார். பெயரின் முன்னே நிற்கும் கோபாலசமுத்திரம், திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்த குடும்பத்தின் பூர்விக ஊர். தந்தை நாராயணர் எர்ணாகுளம் மகாராஜா கல்லூரியில் கணிதப் பேராசிரியராக இருந்து, பின்னர் அதன் முதல்வராக உயர்ந்தவர். வீட்டில் கணக்கு ஒரு பாடமாக அன்றி உரையாடலாகவே இருந்தது. பிற்காலத்தில் எத்தனையோ சிக்கல்களை வடிவக் கணிதமாக மாற்றிக்கொண்டு அணுகிய அவருடைய மனப்பாங்கு இவ்வீட்டில் வேர்விட்டது எனலாம்.

பள்ளிப்படிப்பும் இடைநிலைக் கல்வியும் எர்ணாகுளத்தில் முடிந்தபின், புதுக்கோட்டைக்கு அண்டை நகரான திருச்சிராப்பள்ளிக்கு வந்து, 1939ஆம் ஆண்டு தூய வளனார் கல்லூரியில் இயற்பியல் சிறப்புப் பட்ட வகுப்பில் சேர்ந்தார். 1942இல் சென்னைப் பல்கலைக்கழக அளவில் முதலிடம் பெற்றுத் தேறினார்.

அதே ஆண்டு பெங்களூரிலுள்ள இந்திய அறிவியல் கழகத்தில் சேர்ந்தார். சேர்ந்தது மின்பொறியியல் துறையில். அங்கே இயற்பியல் துறையில் சர் சி. வி. இராமன் இருந்தார். மாணவரின் நாட்டம் எங்கே இருக்கிறது என்பதை அவர் விரைவிலேயே கண்டுகொண்டு, தம் துறைக்கே மாற்றிக்கொண்டார். இந்த மாற்றம் நிகழாதிருப்பின் இந்நாடு ஒரு நல்ல மின்பொறியாளரைப் பெற்றிருக்கக்கூடும். ஆனால் இப்பாடம் எழுதப்பட்டிராது.

இராமனுக்கு அக்காலத்தில் வைரங்களின்மீது பெரும் ஈடுபாடு. இராமச்சந்திரனும் வைரத்தையே கையிலெடுத்தார். எக்ஸ் கதிர்களை வைரப் படிகத்தின்மீது செலுத்தி, அதனுள் உள்ள குறைபாடுகளைப் படமெடுக்கும் முறையில் ஆய்வுகள் செய்தார். ஒரு பொருளை உடைக்காமல் அதன் உள்ளமைப்பை அறிவது என்னும் வேலை இவ்வாறு அவருடைய இருபதாம் அகவையைச் சுற்றியே தொடங்கிவிட்டது. 1947இல் சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு அறிவியல் முனைவர் பட்டம் வழங்கியது. பின்னர் இங்கிலாந்து சென்று, கேம்பிரிட்ஜ் கேவண்டிஷ் ஆய்வகத்தில் வூஸ்டரின் வழிகாட்டுதலில் படிகங்களின் மீள்தன்மை குறித்து ஆராய்ந்து, 1949இல் மற்றொரு முனைவர் பட்டமும் பெற்றுத் திரும்பினார்.

கிண்டியில் ஒரு முறுக்குக் கயிறு

சென்னைப் பல்கலைக்கழகத்தை நெடுங்காலம் துணைவேந்தராக வழிநடத்திய ஏ. இலட்சுமணசாமி முதலியார், இயற்பியல் துறைக்குத் தலைவர் ஒருவரைத் தேடினார். இராமனை அழைத்தார். இராமன் தாம் வர இயலாமையைத் தெரிவித்து, தம் மாணவரின் பெயரை முன்மொழிந்தார். இவ்வாறு 1952ஆம் ஆண்டில், முப்பது வயது நிறைவதற்குள்ளாகவே, இராமச்சந்திரன் பேராசிரியராகவும் துறைத் தலைவராகவும் கிண்டிக்கு வந்தார்.

துறை கிடைத்துவிட்டது, எதை ஆராய்வது என்பதே கேள்வி. மேலைநாட்டு ஆய்வகங்களின் கருவிகளும் பொருளும் இங்கே இல்லை. அவர்கள் செய்து முடித்ததையே சிறு அளவில் திரும்பச் செய்வதில் அவருக்கு விருப்பமும் இல்லை. அந்நாளில் சென்னைக்கு வந்திருந்த அறிவியலாளர் ஜே. டி. பெர்னல், கொலாஜன் என்னும் புரதத்தின் அமைப்பு இன்னும் நிறைவாக அறியப்படவில்லை என்பதைச் சுட்டிக்காட்டினார். அதையே இராமச்சந்திரன் பற்றிக்கொண்டார்.

கொலாஜன் நம் உடலில் மிகுதியாக உள்ள புரதம். தோலின் உறுதியும், எலும்பின் இழைப்பின்னலும், தசைநாணின் வலிமையும் அதனால் அமைந்தவை. தோல் என்றவுடன் பதனிடும் தொழில் நினைவுக்கு வரும். அடையாற்றில், பல்கலைக்கழக வளாகத்திற்கு அருகிலேயே மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் இருந்தது. கொலாஜன் மாதிரிகளைப் பெற அது வாய்ப்பாயிற்று. கங்காருவின் வால் தசைநாணிலிருந்து கிடைத்த மாதிரி தெளிவான எக்ஸ் கதிர்ப் படங்களைத் தந்தது. சென்னையின் வெயிலில், ஆஸ்திரேலிய விலங்கின் வாலை வைத்துக்கொண்டு மனிதத் தோலின் இரகசியம் ஆராயப்பட்டது என்பது சற்று வியப்பளிக்கும் செய்தியே.

இராமச்சந்திரனும் அவருடன் பணியாற்றிய கோபிநாத் கர்த்தாவும் கிடைத்த தடயங்களை அடுக்கிப் பார்த்தனர். கொலாஜனில் அமினோ அமிலங்களுள் மூன்றில் ஒரு பங்கு கிளைசின் என்பது வேதியியலார் கண்டறிந்த உண்மை. அமினோ அமிலங்களுள் மிகச் சிறியது கிளைசின். அது ஒவ்வொரு மூன்றாம் இடத்திலும் வரவேண்டுமெனில், அந்த இடத்தில் பெரியது எதற்கும் இடமில்லை என்பது பொருள். அப்படியாயின் அந்த இடம் நெருக்கமான ஒரு நடுப்பகுதியை நோக்கியிருக்க வேண்டும். மூன்று இழைகள் அருகருகே நின்று, ஒவ்வொன்றின் கிளைசினும் நடுவை நோக்கித் திரும்பியிருந்தால் இது நிறைவேறும். இதுவே 1954ஆம் ஆண்டுக் கட்டுரையின் கருத்து. அடுத்த ஆண்டில் அம்மூன்று இழைகளும் நேராக நிற்பதில்லை, கயிறு திரிப்பதுபோல ஒன்றையொன்று சுற்றி முறுக்கிக்கொள்கின்றன என்னும் திருத்தத்தையும் சேர்த்தனர். மும்மைச் சுருள் என்று உலகம் அறியும் அமைப்பு அது. 1954ஆம் ஆண்டுக் கட்டுரை வெளிவந்தபோது, இரட்டைச் சுருளான டி.என்.ஏ.வின் அமைப்பு வெளியாகி ஓராண்டுதான் ஆகியிருந்தது.

டி.என்.ஏ. அமைப்பைக் கண்ட இருவருள் ஒருவரான பிரான்சிஸ் கிரிக்கும், அலெக்சாண்டர் ரிச்சும் கேம்பிரிட்ஜிலிருந்து இவ்வமைப்பை ஆராய்ந்தனர். மூன்று இழைகள் முறுக்கிக்கொள்கின்றன என்பதில் அவர்களுக்கு மாறுபாடில்லை. ஆனால் சென்னை மாதிரியில் சில அணுக்கள் ஒன்றுக்கொன்று மிக நெருங்கி நிற்கின்றன, இயற்கை அதற்கு இடம் தராது என்றனர். இழைகளைப் பிணைக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகள் இரண்டென்றது சென்னை, ஒன்றென்றது கேம்பிரிட்ஜ். பின்வந்த ஆய்வுகள் பிணைப்பின் எண்ணிக்கையில் கேம்பிரிட்ஜின் பக்கம் சாய்ந்தன என்பதையும் இங்கே மறைக்க வேண்டியதில்லை. மூவிழை முறுக்கு என்னும் அடிப்படைக் கருத்து சென்னையில் பிறந்தது என்பது அதனால் மாறிவிடவில்லை.

புகழ்பெற்ற ஆய்வகம் ஒன்று குறைகூறும்போது, இளம் துறையொன்று சோர்ந்துவிடலாம். அல்லது பிடிவாதமாக மறுத்துக்கொண்டே இருக்கலாம். இராமச்சந்திரனுக்கும் மனவருத்தம் இருந்தது. எனினும் அவர் குறையையே ஒரு கேள்வியாக மாற்றினார். இரண்டு அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம்? இதற்கு ஊகத்தால் விடை சொல்லாமல், அதுவரை துல்லியமாக அறியப்பட்ட படிக அமைப்புகளையெல்லாம் தேடித் தொகுத்து, அணு இணைகளின் மிகக் குறைந்த தொலைவுகளை அட்டவணைப்படுத்தும் பணியைத் தம் மாணவர்களுடன் தொடங்கினார். அவ்வேலைக்குப் பல ஆண்டுகள் பிடித்தன.

வரைபடம் தந்த விடை

அமினோ அமிலங்கள் கோக்கப்பட்ட மாலையே புரதம். மாலையின் ஒவ்வொரு மணியின் இருபுறமும் ஒரு பிணைப்பு சுழலக்கூடியது. அவற்றின் சுழற்சிக் கோணங்கள் ஃபை, சை எனப்படும். இவ்விரு கோணங்களும் தெரிந்துவிட்டால் மாலை எவ்வாறு வளைகிறது என்பது தெரிந்துவிடும். இராமச்சந்திரன், சி. இராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் ஆகிய மூவரும் ஒவ்வொரு கோண இணைக்கும் அணுக்களின் தொலைவுகளைக் கணக்கிட்டனர். அணுக்கள் மோதிக்கொண்டால் அந்த இணை ஆகாது, மோதவில்லையெனில் ஆகும். இக்காலம் போன்ற கணினி அன்று துறையில் இல்லை. மேசைமேல் வைக்கும் கணக்குப்பொறியைச் சுழற்றிச் சுழற்றியே இக்கணக்குகள் செய்யப்பட்டன.

விடைகளை ஒரு சதுரத்தில் குறித்தபோது, அதன் பெரும்பகுதி விலக்கப்பட்டதாகவும், சில சிறு தீவுகள் மட்டும் அனுமதிக்கப்பட்டனவாகவும் அமைந்தன. எண்ணற்ற வடிவங்களை எடுக்கலாம் என்று தோன்றிய புரதம், உண்மையில் மிகக் குறுகிய வரம்புக்குள்ளேயே மடிகிறது என்பது வெளிப்பட்டது. 1963இல் வெளியான ஐந்து பக்கக் கட்டுரை இதனை அறிவித்தது. ‘இராமச்சந்திரன் வரைபடம்’ என்ற பெயரில் உலகெங்கும் உயிர்வேதியியல் பாடநூல்களில் இன்று இடம்பெறுவது அதுவே. புதிய புரதம் ஒன்றின் அமைப்பைக் கண்டறிந்ததாகக் கூறும் எவரும், அது இவ்வரைபடத்தின் வரம்புக்குள் அமைகிறதா என்று சோதித்துக் காட்ட வேண்டும். ஒரு குறைகூறலுக்கு அளிக்கப்பட்ட மறுமொழி, எல்லோருக்கும் உரைகல்லாகிவிட்டது.

கிண்டியில் 1963ஆம் ஆண்டும் 1967ஆம் ஆண்டும் பன்னாட்டுக் கருத்தரங்குகள் நடைபெற்றன. உயிர் மூலக்கூறுகளின் அமைப்பைப் பற்றிப் பேச வெளிநாட்டு அறிஞர்கள் சென்னையை நாடி வந்தனர்.

நிழல்களின் கணக்கு

1969இல் முதலியார் ஓய்வுபெற்றார். துறையைத் தோள்கொடுத்துத் தாங்கிய துணை அகன்றது. அடுத்த ஆண்டு இராமச்சந்திரனும் சென்னைப் பல்கலைக்கழகத்தை விட்டு நீங்கினார். பதினெட்டு ஆண்டுகள் வளர்த்த துறையை விட்டுச் செல்வது அவருக்கு எளிதாக இருந்திராது. பின்னர் பெங்களூரில் தாம் பயின்ற அறிவியல் கழகத்திலேயே மூலக்கூறு உயிர் இயற்பியல் பிரிவு ஒன்றை நிறுவினார். ஆண்டின் ஒரு பகுதியைச் சிக்காகோ பல்கலைக்கழகத்தில் கழித்தார். இந்த இடமாற்றக் காலத்தில்தான், வாழ்நாளின் வேறெந்தப் பணியோடும் நேரடித் தொடர்பில்லாததுபோலத் தோன்றும் ஒரு சிக்கலை அவர் எடுத்துக்கொண்டார்.

சிக்கல் இதுதான். எலக்ட்ரான் நுண்ணோக்கியில் ஒரு சிறு துகளைப் பல கோணங்களில் படமெடுக்கலாம். ஒவ்வொரு படமும் ஒரு நிழலே. அந்நிழல்களிலிருந்து துகளின் முப்பரிமாண உருவை மீட்பது எவ்வாறு? அவர் தம் கட்டுரை ஒன்றுக்கு, நிழலிலிருந்து பொருளை மீட்டமைத்தல் என்னும் பொருள்பட ஆங்கிலத்தில் தலைப்பிட்டார். எக்ஸ் கதிர்ப் படத்திற்கும் இதே கணக்கு பொருந்தும் என்பதையும் அவர் தொடக்கத்திலேயே கண்டார்.

பல்லாங்குழிப் பலகையில், மேல்வரிசையில் இரண்டும் கீழ்வரிசையில் இரண்டுமாக அடுத்தடுத்த நான்கு குழிகளை எடுத்துக்கொள்வோம். அவற்றுள் இரண்டு குழிகளில் ஒவ்வொரு புளியங்கொட்டை போடப்பட்டுத் துணியால் மூடப்பட்டுள்ளது. துணியை விலக்கக்கூடாது. வரிசைவாரியாக எண்ணிக்கை மட்டும் சொல்லப்படும். மேல்வரிசையில் ஒன்று, கீழ்வரிசையில் ஒன்று என்றால் இடம் தெரியாது. இடப்பத்தியில் ஒன்று, வலப்பத்தியில் ஒன்று என்று கூறினாலும் தெரியாது. கொட்டைகள் இரண்டு மூலைவிட்டங்களுள் எதில் உள்ளன என்னும் ஐயம் எஞ்சும். மூலைவிட்டத்தின் வழியே ஒருமுறை எண்ணிச் சொன்னால் ஐயம் நீங்கும். உடலின் குறுக்குவெட்டும் இத்தகைய பலகைதான். குழிகள் பல்லாயிரம் என்பது மட்டுமே வேறுபாடு. உடலின் ஊடே செல்லும் ஒவ்வொரு கதிரும் தன் வழியில் எவ்வளவு தடுக்கப்பட்டது என்னும் கூட்டுத்தொகையை மட்டுமே மறுபுறம் சொல்லும். கோணங்களை மாற்றி மாற்றிக் கதிர் செலுத்திப் பெற்ற கூட்டுத்தொகைகளிலிருந்து ஒவ்வொரு குழியின் மதிப்பையும் அறிய வேண்டும்.

இது இயலும் என்பதை ஆஸ்திரியக் கணித அறிஞர் யோகான் ரேடான் 1917ஆம் ஆண்டிலேயே மெய்ப்பித்திருந்தார். மருத்துவ உலகம் அதை அறியவில்லை. தென்னாப்பிரிக்காவில் பிறந்த ஆலன் கார்மக், 1963, 1964ஆம் ஆண்டுகளில் தாமாகவே இக்கணக்கை எக்ஸ் கதிருக்காகச் செய்து வெளியிட்டார். அப்போது அதைப் பொருட்படுத்தியோர் மிகச் சிலரே. கேம்பிரிட்ஜில் டிரோசியரும் கிளக்கும் 1968இல் எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படங்களுக்கு ஒரு வழி கண்டனர். ஒவ்வொரு நிழலையும் ஃபூரியர் மாற்றம் என்னும் கணித மாற்றத்திற்கு உட்படுத்தி, அவற்றையெல்லாம் ஒன்றுசேர்த்து, மீண்டும் தலைகீழாக மாற்றுவது அவ்வழி. சரியான வழிதான், ஆனால் அக்காலக் கணினிகளுக்குப் பெருஞ்சுமை.

நிழலை வந்த வழியே திரும்பப் பரப்பிவிடுவது எளிய வழியாகத் தோன்றும். ஒவ்வொரு நிழலையும் அது வந்த திசையிலேயே தாளின்மீது பூசிக்கொண்டே போனால், பொருள் இருந்த இடத்தில் பூச்சுகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து அடர்த்தியாகும். ஆயினும் ஒரு புள்ளி, புள்ளியாகத் திரும்புவதில்லை. பனிக்கால இரவில் தெருவிளக்கைச் சுற்றித் தோன்றும் ஒளிவட்டம்போல மங்கிப் பரவியே திரும்பும். மூளைக்குள் உள்ள சிறு இரத்தக்கட்டு அந்த மங்கலில் மறைந்துவிடும். மங்கலை நீக்குவதே முழுச் சிக்கலும்.

இராமச்சந்திரனும் ஏ. வி. இலட்சுமிநாராயணனும் கண்ட வழி, நிழலைத் திரும்பப் பூசுவதற்கு முன்பே அதைத் திருத்திவிடுவது. நிழலில் உள்ள ஒவ்வொரு அளவின் நான்கில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ள வேண்டும். அதன் இருபுறமும் ஒன்று, மூன்று, ஐந்து என ஒற்றைப்படைத் தொலைவில் உள்ள அளவுகளின் சிறு பங்குகளை அதிலிருந்து கழிக்க வேண்டும். தொலைவு கூடக்கூடக் கழிக்கும் பங்கு அதன் வர்க்கத்திற்கு எதிர்விகிதத்தில் குறையும். இரட்டைப்படைத் தொலைவில் உள்ளவற்றைத் தொட வேண்டியதே இல்லை. கழிக்கப்படும் பங்குகளையெல்லாம் கூட்டிப் பார்த்தால், அவை நடுவே எடுத்த அந்த நான்கில் ஒன்றுக்குச் சரியாக ஈடாகும். கணித ஈடுபாடுடைய மாணவர்கள் இதைத் தாமே கூட்டிச் சரிபார்க்கலாம். இவ்வாறு திருத்திய நிழல்களைத் திரும்பப் பூசும்போது, ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் பரவ இருந்த மங்கல் தானே அழிந்துபோகிறது. பெருக்கலும் கழித்தலும் கூட்டலும் தவிர வேறெதுவும் வேண்டியதில்லை. எல்லா நிழல்களும் வந்துசேரும்வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. வரவர ஒவ்வொன்றையும் திருத்திப் பூசிவிடலாம்.

கன்வல்யூஷன் என்று கணிதத்தில் அழைக்கப்படும் இம்முறையை விளக்கிய கட்டுரை, 1971ஆம் ஆண்டு அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகத்தின் இதழில் வெளிவந்தது. அதுவும் ஐந்தே பக்கங்கள். வானொலித் தொலைநோக்கிகளைக் கொண்டு விண்ணை ஆராய்ந்த பிரேஸ்வெல்லும் ரிடிலும் 1967இல் இதை ஒத்த வழியைக் கண்டிருந்தனர். எனினும் எக்ஸ் கதிர்ப் படத்திற்கு அதைப் பொருத்தி, எளிய கணக்காகச் செய்துகாட்டி, துல்லியத்தையும் வேகத்தையும் ஒப்பிட்டு நிறுவியது இராமச்சந்திரன், இலட்சுமிநாராயணன் ஆகியோரின் பணி.

அதே 1971ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாளில், இலண்டன் மருத்துவமனை ஒன்றில் காட்ஃப்ரி ஹௌன்ஸ்ஃபீல்டு என்னும் பொறியாளர் அமைத்த கருவியில் முதன்முதலாக ஒரு நோயாளியின் மூளை படமெடுக்கப்பட்டது. மூளையில் கட்டி இருக்கலாம் என்று ஐயுற்ற மருத்துவர்கள், மண்டையோட்டைத் திறவாமலே அதைக் கண்டனர். பெங்களூரிலும் சிக்காகோவிலும் கணக்கு நடந்தது ஹௌன்ஸ்ஃபீல்டுக்குத் தெரியாது. இவர்களுக்கும் அவருடைய கருவியைப் பற்றித் தெரியாது. அவர் கருவி 180 கோணங்களில், கோணத்திற்கு 160 அளவுகளாக, ஒரு குறுக்குவெட்டுக்கு 28,800 அளவுகளைச் சேகரித்தது. படம் 80க்கு 80 கட்டங்கள் கொண்டது. தொடக்கத்தில் அவர் கையாண்ட கணக்கு வேறு. ஒரு விடையை உத்தேசமாக வைத்துக்கொண்டு, அளவுகளோடு ஒப்பிட்டு, திருத்தித் திருத்தி உண்மையை நெருங்குவது அம்முறை. நோயாளிகள் வரிசையில் காத்திருக்கும் மருத்துவமனைக்கு இந்த வேகம் போதவில்லை. சில ஆண்டுகளுக்குள்ளேயே ஸ்கேன் கருவிகள் கன்வல்யூஷன் முறைக்கு மாறின. ஷெப், லோகன் என்னும் இருவர் 1974இல் இதை மேலும் செம்மைப்படுத்தினர். அதன்பின் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் உலகின் சி.டி. கருவிகளில் பெரும்பாலானவை இம்முறையின் வழியிலேயே படம் தந்தன.

மருத்துவத்திற்கான நோபல் பரிசு 1979இல் கார்மக், ஹௌன்ஸ்ஃபீல்டு ஆகிய இருவருக்கும் வழங்கப்பட்டது. இருவரும் அதற்கு முற்றிலும் உரியவர்களே. ஒருவர் பிறரினும் முன்னரே கணக்கிட்டார். மற்றவர் கருவியைச் செய்துகாட்டினார். ஆயினும் அக்கருவி உலகெங்கும் பரவத் துணைநின்ற கணக்கின் ஆசிரியர்கள் பெரிதும் பேசப்படவில்லை என்பது உண்மை. மருத்துவப் பொறியியல் பயில்வோர் மட்டும் அவர்களுடைய பெயர்களை நாள்தோறும் உச்சரிக்கின்றனர். படத்தைச் சீர்செய்யும் அந்த வடிப்பானுக்கு இருவர் பெயரையும் சுருக்கி ‘ராம்-லாக்’ என்று பெயர். உலகின் எந்த நாட்டில் இப்பாடம் நடத்தப்பட்டாலும் அப்பெயர் அவ்வாறே வழங்கப்படுகிறது.

பிற்காலம்

இந்திய அரசின் அறிவியல் விருதான சாந்தி சொரூப் பட்நாகர் விருது 1961ஆம் ஆண்டிலேயே அவரை வந்தடைந்திருந்தது. 1977இல் இலண்டன் இராயல் கழகம் உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது. படிகவியலில் பன்னாட்டளவில் உயர்ந்ததாகக் கருதப்படும் எவால்ட் பரிசு 1999இல் கிடைத்தது. அறிவியலுக்கு அப்பால் கருநாடக இசையிலும் மெய்யியலிலும் அவருக்குத் தோய்வு இருந்தது. முதுமையில் தருக்கவியலை அணிகளின் வழியே கணிதமாக்கும் முயற்சியிலும் ஈடுபட்டார். அது அவருடைய முந்தைய பணிகளைப்போலப் பெரிதும் கவனிக்கப்படவில்லை.

நடுக்குவாத நோய் அவரை மெல்ல மெல்லத் தளர்த்தியது. நேர்த்தியான வடிவங்களை மனக்கண்ணில் சுழற்றிப் பார்த்தவர், தம் கைகால்களின் அசைவுக்கே போராட வேண்டியதாயிற்று. 1945இல் மணந்து அரை நூற்றாண்டுக்கும் மேலாகத் துணைநின்ற இராஜலட்சுமி அம்மையார் 1998இல் மறைந்தது அவரைப் பெரிதும் தாக்கியது. 2001ஆம் ஆண்டு ஏப்ரல் 7ஆம் நாள் இராமச்சந்திரன் சென்னையில் காலமானார்.

அவர் மறைந்து பத்தாண்டுகளுக்குள் கணினிகளின் ஆற்றல் பன்மடங்கு பெருகியது. குறைந்த கதிர்வீச்சில் தெளிவான படம் பெறுவதற்காக, ஹௌன்ஸ்ஃபீல்டு தொடக்கத்தில் கையாண்டதைப்போன்ற, திருத்தித் திருத்தி நெருங்கும் முறைகள் புதிய கருவிகளில் மீண்டும் இடம்பெறலாயின. ஆயினும் அவசரப் பிரிவுக்கு விபத்தில் அடிபட்டவர் கொண்டுவரப்படும்போது உடனடியாகப் படம் தரும் கருவிகள் பலவற்றில், ஒற்றைப்படைத் தொலைவுகளைக் கழித்துச் செல்லும் அந்தப் பழைய கணக்கு இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.